இரண்டு அறைகள்: ஃபிடெஸும் ஐரோப்பிய மக்கள் கட்சியும், 2000–2021

2019 மார்ச் 20 மாலை, பிரஸ்ஸல்ஸில் ஒரே தீர்மானத்தை இரண்டு தரப்பும் இரண்டு விதமாக அறிவித்தன. ஐரோப்பிய மக்கள் கட்சியின் அரசியல் பேரவை, ஹங்கேரியின் ஆளுங்கட்சியான ஃபிடெஸை 190-க்கு 3 என்ற வாக்கில் இடைநீக்கம் செய்திருந்தது. மக்கள் கட்சியின் தலைவர்கள் அதைத் தண்டனை என்றார்கள். எங்களை யாரும் நீக்கவில்லை, நாங்களாகவே எங்கள் உரிமைகளை நிறுத்திவைத்திருக்கிறோம் என்றார் ஹங்கேரியின் பிரதமர் விக்டர் ஓர்பான். தீர்மானத்தின் வாசகம் இரண்டுக்கும் இடம் கொடுத்தது. இரு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொண்டதாகவே அதில் எழுதியிருந்தார்கள்.

அன்று முதல் ஃபிடெஸ் மக்கள் கட்சியின் கூட்டங்களில் கலந்துகொள்ள முடியாது, வாக்களிக்க முடியாது, பதவிகளுக்கு ஆளை முன்மொழிய முடியாது. ஆனால் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அதன் உறுப்பினர்கள் அதே மக்கள் கட்சிக் குழுவில், அதே இருக்கைகளில் உட்கார்ந்து முன்பு போலவே வாக்களித்தார்கள். கட்சியில் கதவு சாத்தப்பட்டது, குழுவில் திறந்தே கிடந்தது. இந்த நிலை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நீடித்தது. நாடு கடந்து கட்சிகள் கைகோர்க்கும் ஏற்பாடுகள் தங்கள் உறுப்பினரையே எதிர்கொள்ள வேண்டி வரும்போது என்ன ஆகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

கட்சி வேறு, குழு வேறு

ஐரோப்பிய அளவில் 'கட்சி' என்பது கட்சிகளின் கட்சி. ஐரோப்பிய மக்கள் கட்சி 1976 ஜூலை 8 அன்று லக்சம்பர்கில் தொடங்கப்பட்டது. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு 1979-இல் முதல் நேரடித் தேர்தல் வரவிருந்த நேரம் அது. பல நாடுகளின் கிறித்தவ ஜனநாயகக் கட்சிகள் அதில் சேர்ந்தன. அதன் உறுப்பினர்களில் பெரும் எடை கொண்டவை தேசியக் கட்சிகள்தான். ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்களின் உச்சிமாநாடு நடக்கும் ஒவ்வொரு முறையும், அதற்குச் சற்று முன்பு, அந்தக் கட்சிகளைச் சேர்ந்த பிரதமர்களும் அதிபர்களும் தனியே கூடிப் பேசுவார்கள். உச்சிமாநாட்டில் எடுக்கப்போகும் நிலைப்பாடு பலமுறை இந்த முன்கூட்டத்திலேயே உருவாகிவிடும். ஒரு சிறிய நாட்டின் பிரதமருக்கு ஜெர்மனியின் சான்சலரோடு ஒரே மேசையில் உட்கார இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

நாடாளுமன்றக் குழு தனி அமைப்பு. அதற்குத் தனித் தலைவர், தனி விதிகள், தனி நிதி. குழு அமைக்கக் குறைந்தது 23 உறுப்பினர்கள் வேண்டும், அவர்கள் உறுப்பு நாடுகளில் கால் பங்கு நாடுகளிலிருந்தாவது வந்திருக்க வேண்டும். பேச்சு நேரமும், நாடாளுமன்ற நிலைக்குழுக்களின் தலைமைப் பதவிகளும், முக்கிய அறிக்கைகளை எழுதும் பொறுப்பும் குழுவின் பருமனைப் பொறுத்தே பிரிகின்றன. கட்சி ஒருவரை இடைநீக்கினால் குழுவும் இடைநீக்கியாக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. 2019-இன் புதிரை அவிழ்க்க இந்த ஒரு தகவல் போதும்.

எப்படி உள்ளே வந்தார்கள்

ஃபிடெஸ் 1988 மார்ச் 30 அன்று பிறந்தபோது அது இளைஞர்களின் கட்சி. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அதில் இடமில்லை. 1989 ஜூன் 16 அன்று, 1956-இன் சோவியத் எதிர்ப்பு எழுச்சிக்குப் பின் தூக்கிலிடப்பட்ட முன்னாள் பிரதமர் இம்ரே நாகியின் மறு அடக்கத்தின்போது, புடாபெஸ்டின் வீரர் சதுக்கத்தில் சோவியத் படைகள் வெளியேற வேண்டும் என்று பேசிய இளைஞர்தான் ஓர்பான். 1992-இல் கட்சி, தாராளவாதக் கட்சிகளின் உலகக் கூட்டமைப்பான லிபரல் இன்டர்நேஷனலில் சேர்ந்தது. ஓர்பான் அதன் துணைத் தலைவர்களில் ஒருவராகவும் இருந்தார். ஆக, சர்வதேசக் கட்சிக் குடும்பங்களை மாற்றிக்கொள்வது அவருக்குப் புதிதல்ல.

1998-இல் 35 வயதில் அவர் பிரதமரானார். 2000-இல் ஃபிடெஸ் தாராளவாதிகளை விட்டு விலகி மக்கள் கட்சியின் பக்கம் வந்தது. மக்கள் கட்சிக்கும் அது தேவைப்பட்டது. மக்கள் கட்சியின் அன்றைய தலைவர் வில்ஃபிரெட் மார்ட்டென்ஸும் ஜெர்மனியின் சான்சலர் ஹெல்முட் கோலும் 1990-களில் கட்சியின் கதவைக் கிறித்தவ ஜனநாயகத்துக்கு வெளியே இருந்த பழமைவாதக் கட்சிகளுக்கும் அகலத் திறந்திருந்தார்கள். நாடாளுமன்றத்தில் முதலிடம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பெரிய நாட்டிலும் வெல்லக்கூடிய ஒரு கட்சி கையில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஸ்பெயினின் மக்கள் கட்சியும் இத்தாலியின் ஃபோர்சா இத்தாலியாவும் அப்படித்தான் வந்தன. 2004-இல் கிழக்கு ஐரோப்பா ஒன்றியத்துக்குள் வரவிருந்தது. ஹங்கேரியில் வெல்லக்கூடிய வலதுசாரிக் கட்சி ஃபிடெஸ். 2002 முதல் 2012 வரை ஓர்பான் மக்கள் கட்சியின் துணைத் தலைவர்களில் ஒருவராகவும் இருந்தார்.

அன்று அந்த முடிவில் தவறு இருந்ததாக நான் நினைக்கவில்லை. சேர்க்கும்போது ஒரு கட்சி எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்க்க முடியும். சேர்ந்தபின் மாறினால் என்ன செய்வது என்பதற்குப் படிப்படியான வழி எதையும் எழுதி வைக்காமல் விட்டதுதான் கோளாறு. கட்சியின் சாசனத்தில் ஒரு வழி இருந்தது: ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழு உறுப்புக் கட்சிகள் கேட்டால் நீக்கம் பற்றிய விவாதம் தொடங்கும். அந்த ஏழு பேர் சேர ஒன்பது ஆண்டுகள் ஆயின.

ஒன்பது ஆண்டுகள்

2010 ஏப்ரலில் ஃபிடெஸ் கூட்டணி (ஃபிடெஸும் சிறிய கிறித்தவ ஜனநாயக மக்கள் கட்சியும்) ஹங்கேரி நாடாளுமன்றத்தின் 386 இடங்களில் 263-ஐப் பிடித்தது. வாக்கில் பாதியைச் சற்றுத் தாண்டியது, இடங்களில் மூன்றில் இரண்டு பங்கையும் தாண்டியது. அரசமைப்பை மாற்ற அது போதும். 2011 ஏப்ரலில் புதிய அடிப்படைச் சட்டம் நிறைவேறி 2012 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நீதிபதிகளின் ஓய்வு வயது 70-இலிருந்து 62-ஆக இறங்கியது. மூத்த நீதிபதிகள் ஒரே வீச்சில் வெளியேறினார்கள். அது ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதற்குள் பல இருக்கைகளில் வேறு ஆட்கள் அமர்ந்துவிட்டார்கள்.

2013 ஜூலை 3 அன்று, போர்ச்சுகல் உறுப்பினர் ருய் தவாரெஸ் தயாரித்த அறிக்கையை நாடாளுமன்றம் ஏற்றது. ஹங்கேரியின் அரசமைப்பு மாற்றங்களை அது கடுமையாக விமர்சித்தது. மக்கள் கட்சிக் குழுவினரில் பெரும்பாலோர் அதை எதிர்த்தே வாக்களித்தார்கள். இடதுசாரிகள் ஒரு வலதுசாரி அரசின் மேல் பழிபோடுகிறார்கள் என்று அதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2014 ஜூலை 26 அன்று ருமேனியாவின் துஷ்னாத்ஃபியுர்தோவில் ஓர்பான் தாமே தம் நோக்கத்தைச் சொன்னார்: தாராளவாதமற்ற ஓர் அரசைக் கட்டுகிறோம் என்றார். அதற்குப் பிறகும் மக்கள் கட்சியிலிருந்து முறையான நடவடிக்கை எதுவும் இல்லை.

2015 மே மாதம் ரீகா உச்சிமாநாட்டில், ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் ழான் குளோட் யுங்கர், கேமராக்களின் முன்னால் ஓர்பானைச் 'சர்வாதிகாரி' என்று அழைத்து, கையைக் குலுக்கி, கன்னத்தில் விளையாட்டாக ஒரு தட்டு தட்டினார். இருவரும் ஒரே கட்சிக் குடும்பம். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மனதில் உள்ளதைச் சொல்லியும் ஆயிற்று, சொன்னதற்கான பொறுப்பை ஏற்காமலும் ஆயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில், அகதிகள் நெருக்கடியின் உச்சத்தில், ஜெர்மனியின் பவேரிய மாநிலத்தின் ஆளுங்கட்சியும் சான்சலர் மெர்க்கலின் கூட்டாளியுமான கிறித்தவ சமூக ஒன்றியம் ஓர்பானைத் தன் கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. பெர்லினில் அங்கெலா மெர்க்கலின் அகதிக் கொள்கையை எதிர்க்க அவர்களுக்கு ஒரு துணை தேவைப்பட்டது. வெளிநாட்டுத் தோழர் ஒருவர் உள்நாட்டுச் சண்டைக்குப் பயன்படத் தொடங்கியபின், அவரைக் கண்டிக்கும் விருப்பம் யாருக்கும் எளிதில் வராது.

எண்ணிக்கை என்ற காரணம்

ஏன் இவ்வளவு பொறுமை என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில்: இருக்கைகள். இதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

2014 தேர்தலுக்குப் பின் மக்கள் கட்சிக் குழுவில் 221 பேர், இரண்டாவதாக வந்த சோசலிஸ்டுகளிடம் 191 பேர். ஃபிடெஸ் கூட்டணியின் இருக்கைகள் 12. அவர்களைக் கழித்தால் 209. முதலிடம் போகாது. 2019-இல் 182-க்கு 154. ஃபிடெஸ் கூட்டணியிடம் 13. கழித்தால் 169. அப்போதும் முதலிடம் போகாது. ஆக, "ஃபிடெஸ் போனால் முதலிடம் போய்விடும்" என்ற வாதம் எந்தத் தேர்தலிலும் கணக்குக்கு நிற்கவில்லை.

கணக்கில் நிற்கும் வாதம் ஒன்றுதான் உண்டு, அதுவும் ஒரே ஒரு நாளுக்கு. 2019 ஜூலை 16 அன்று உர்சுலா ஃபொன் டெர் லயன் ஆணையத்தின் தலைவராகத் தேர்வானார். தேவைப்பட்டவை 374 வாக்குகள், கிடைத்தவை 383. ஒன்பது வாக்கு வித்தியாசம். ரகசிய வாக்கெடுப்புதான் என்றாலும் ஃபிடெஸ் தன் ஆதரவை முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. அதன் 13 இருக்கைகள் மறுபக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் குழுவில் எல்லாருக்கும் தெரியும். கட்சியில் இடைநீக்கம் செய்யப்பட்டு நான்கு மாதங்கள்கூட ஆகாத ஒரு கட்சி, குழுவுக்குள் இருந்தபடி ஒன்றியத்தின் மிகப் பெரிய பதவியை நிரப்ப உதவியது.

மற்ற நாட்களில் அவர்களைக் கட்டிப்போட்டது வேறு கணக்கு. ஃபிடெஸ் வெளியே போனால் வலதுபக்கம் ஒரு பெரிய எதிர்க் குழு உருவாகலாம், தங்கள் கட்சிகளிலேயே சிலர் அங்கே சாயலாம் என்ற அச்சம் அது. நடந்துவிட்ட இழப்பைவிட நடக்கலாம் என்ற இழப்பு அவர்களை அதிகம் கட்டிப்போட்டது.

பொறுமை முடிந்த விதம்

2018 செப்டம்பர் 12 அன்று நெதர்லாந்து உறுப்பினர் யூடித் சார்கென்டினியின் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஹங்கேரியில் ஒன்றியத்தின் அடிப்படை விழுமியங்களுக்குக் கடும் ஆபத்து இருக்கிறது என்று அறிவித்து, ஒன்றிய ஒப்பந்தத்தின் 7-ஆவது பிரிவின்படி (ஒரு நாட்டின் வாக்குரிமையை நிறுத்துவது வரை போகக்கூடிய பிரிவு அது) நடவடிக்கை தொடங்கச் சொன்னது அந்த அறிக்கை. 448 பேர் ஆதரவு, 197 பேர் எதிர்ப்பு, 48 பேர் விலகல். தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது. மக்கள் கட்சிக் குழுவின் தலைவர் மன்ஃபிரெட் வேபர் ஆதரவாக வாக்களித்தார். குழுவில் பலரும் அவர் வழியே போனார்கள். ஆனால் ஃபிடெஸ் குழுவிலேயே இருந்தது. ஒரு உறுப்பினர் விழுமியங்களை மீறுகிறார் என்று நாடாளுமன்றத்தில் வாக்களித்துவிட்டு, அவரோடு மறுநாள் அதே குழுக் கூட்டத்தில் அமர்வது எப்படி என்று யாரும் விளக்கவில்லை.

அதே ஆண்டின் இறுதியில் 400-க்கும் மேற்பட்ட ஊடக நிறுவனங்கள் அரசுக்கு நெருக்கமான ஒரே அறக்கட்டளையின் கீழ் வந்தன. மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம், புடாபெஸ்டில் இயங்க முடியாதபடி ஆக்கப்பட்டு, வியன்னாவுக்கு இடம் பெயர்வதாக அறிவித்தது. இவை எதுவும் மக்கள் கட்சியை அசைக்கவில்லை. அசைத்தது ஒரு சுவரொட்டி. 2019 பிப்ரவரியில் ஹங்கேரி அரசே யுங்கரின் படத்தையும், ஹங்கேரியில் பிறந்த அமெரிக்கச் செல்வந்தர் ஜார்ஜ் சோரோஸின் படத்தையும் சேர்த்துப் போட்டு, பிரஸ்ஸல்ஸ் என்ன திட்டமிடுகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நாடெங்கும் ஒட்டியது. ரீகாவில் கன்னத்தைத் தட்டிய அதே யுங்கர். தொடர்ந்து பத்துக்கும் மேற்பட்ட உறுப்புக் கட்சிகள், பெரும்பாலும் வட ஐரோப்பாவையும் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்கையும் சேர்ந்தவை, ஃபிடெஸை நீக்கச் சொல்லி எழுதின. சாசனம் கேட்ட ஏழைத் தாண்டியாயிற்று. தன்னை விமர்சித்தவர்களைப் 'பயன்படக்கூடிய முட்டாள்கள்' என்று ஓர்பான் பேட்டியில் சொன்னார், பிறகு மன்னிப்புக் கேட்டார்.

இந்த வரிசையை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். நீதிபதிகளுக்காக எழாத கட்சி, பத்திரிகைகளுக்காக எழாத கட்சி, தன் தலைவர்களில் ஒருவரின் முகம் சுவரில் ஒட்டப்பட்டபோது எழுந்தது.

வேபர் மார்ச் மாதம் புடாபெஸ்டுக்குப் போய் மூன்று நிபந்தனைகள் வைத்தார்: பிரஸ்ஸல்ஸ் எதிர்ப்புப் பிரசாரம் நிற்க வேண்டும், தோழமைக் கட்சிகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், பல்கலைக்கழகம் புடாபெஸ்டிலேயே நிலைக்க வேண்டும். பல்கலைக்கழகம் நிலைக்கவில்லை. அப்போது வேபரே ஆணையத் தலைவர் பதவிக்குக் கட்சியின் வேட்பாளர். நடுவரும் வேட்பாளரும் ஒரே ஆள். நீக்கினால் ஒரு பக்கத்தின் வாக்கு போகும், வைத்திருந்தால் மறுபக்கத்தின் வாக்கு போகும். இடைநீக்கம் அந்த இக்கட்டிலிருந்து பிறந்த நடுவழி. ஆய்வு செய்ய மூன்று பேர் அமர்த்தப்பட்டார்கள்: பெல்ஜியத்தின் ஹெர்மன் வான் ரோம்பை, ஜெர்மனியின் ஹான்ஸ் கெர்ட் பெட்டரிங், ஆஸ்திரியாவின் வுல்ஃப்காங் ஷ்யூஸல்.

மூன்றாவது பெயருக்குப் பின்னே ஒரு பழைய கதை உண்டு. 2000 பிப்ரவரியில் ஆஸ்திரியாவில் தீவிர வலதுசாரி சுதந்திரக் கட்சியோடு கூட்டணி அரசு அமைத்தவர் ஷ்யூஸல். அப்போது மற்ற 14 உறுப்பு நாடுகள் ஆஸ்திரியாவோடு இருதரப்பு உறவுகளை ஒடுக்கின. மக்கள் கட்சிக்குள்ளும் புயல். அன்று ஷ்யூஸலின் கட்சி தானாகவே கூட்டங்களிலிருந்து ஒதுங்கி நின்றது, சில மாதங்களில் திரும்பவும் வந்தது. 2019-இன் 'நாங்களே நிறுத்திவைக்கிறோம்' என்ற வாசகம் எங்கிருந்து வந்தது என்று தேடுபவர்கள் அந்த ஆண்டைப் பார்க்கலாம். ஆனால் 2000-இல் பிரச்சினை யாரோடு கூட்டணி என்பது. 2019-இல் பிரச்சினை, உறுப்பினரே என்ன ஆகிவிட்டார் என்பது. ஒதுங்கி நின்று திரும்பி வருவது முதலாவதற்குப் பொருந்தலாம், இரண்டாவதற்குப் பொருந்தாது.

சோசலிஸ்டுகளின் ஐரோப்பியக் கட்சியும் இதே சோதனையைச் சந்தித்தது. 2006-இல் ஸ்லோவாக்கியாவில் ராபர்ட் ஃபிட்சோவின் ஸ்மெர் கட்சி தீவிர தேசியவாதிகளோடு ஆட்சி அமைத்தபோது, சோசலிஸ்டுகள் அந்த ஆண்டிலேயே அதை இடைநீக்கினார்கள். 2008-இல் திரும்பச் சேர்த்தார்கள். 2023 அக்டோபரில் மறுபடி இடைநீக்கம். வேகம் வேறுதான். ஆனால் ஸ்லோவாக்கியா அவர்களுக்கு வைத்திருந்த இருக்கைகளும் குறைவு.

அறைகள் ஒன்றான நாள்

2019 நவம்பரில், போலந்தின் பிரதமராக இருந்த டொனால்ட் டுஸ்க் மக்கள் கட்சியின் தலைவரானார். அவர் கண்டிப்பானவர், போலந்தில் இதே வகை அரசியலோடு மோதியவர். ஆனாலும் 2020 பிப்ரவரியில் நீக்கமும் இல்லை, மீட்பும் இல்லை, இடைநீக்கம் நீட்டிக்கப்பட்டதோடு சரி. 2020 மார்ச் 30 அன்று, கொரோனாவைக் காரணம் காட்டி, முடிவுத் தேதி இல்லாமல் ஆணைகள் வழியே ஆளும் அதிகாரத்தை ஹங்கேரி அரசு எடுத்துக்கொண்டது. மறுபடி கடிதங்கள்.

திருப்பம் பணத்தில் வந்தது. ஒன்றியத்தின் நிதியைச் சட்டத்தின் ஆட்சியோடு இணைக்கும் விதி ஒன்று 2020-இன் இறுதியில் உருவானது. அதைத் தடுக்க ஹங்கேரியும் போலந்தும் ஒன்றியத்தின் ஏழாண்டு வரவுசெலவுத் திட்டத்தையே மறித்தன. வேபரும் மக்கள் கட்சிக் குழுவும் அந்த விதியின் பக்கம். அந்தச் சண்டையில் ஃபிடெஸின் தமாஷ் டாய்ச், வேபரின் பேச்சை ஹிட்லரின் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோவோடு ஒப்பிட்டார். ஒரு ஜெர்மானியரைப் பார்த்து, அதுவும் தம் குழுத் தலைவரைப் பார்த்துச் சொன்ன சொல் அது. ஆஸ்திரியாவின் ஒட்மர் கராஸ் தலைமையில் உறுப்பினர்கள் நீக்கம் கேட்டார்கள். குழு டாய்ச்சின் பேச்சுரிமையை மட்டும் நிறுத்தியது. அப்போதுதான் குழு கண்டுகொண்டது: ஒரு தனி உறுப்பினரை நீக்க வழி இருக்கிறது, ஒரு நாட்டின் அணியை மொத்தமாக இடைநீக்க வழியே இல்லை.

ஆகவே விதியை எழுதினார்கள். 2021 மார்ச் 3 அன்று குழு தன் விதிகளைத் திருத்தியது: 148 ஆதரவு, 28 எதிர்ப்பு, 4 விலகல். இனி கட்சியில் இடைநீக்கமானவர்களைக் குழுவிலும் இடைநீக்கலாம். வாக்கு எண்ணி முடிந்ததும் ஓர்பான் வேபருக்குக் கடிதம் எழுதி ஃபிடெஸ் உறுப்பினர்களை விலக்கிக்கொண்டார். பன்னிரண்டு பேர் போனார்கள். குழு 187-இலிருந்து 175 ஆனது, முதலிடம் அப்படியே இருந்தது. மார்ச் 18 அன்று ஃபிடெஸ் கட்சியையும் விட்டு விலகியது.

கவனிக்க வேண்டியது ஒன்று: கட்சியில் இரண்டு ஆண்டு இடைநீக்கம் ஓர்பானை வெளியேற்றவில்லை. குழுவில் இடைநீக்கம் செய்யும் *விதி* வந்த அன்றே அவர் போய்விட்டார், அதைப் பயன்படுத்தும் முன்பே. முன்கூட்டத்தில் உட்கார முடியாமல் போனது அவருக்கு ஒரு இழப்புதான். ஆனால் உச்சிமாநாட்டில் பிரதமர் என்ற முறையில் அவருக்கு நாற்காலி எப்போதும் இருந்தது. குழுவில் இருக்கை போனால் அதற்கு மாற்று இல்லை. எந்த அறையில் அவருக்கு வலிக்கும் என்பது 2019 மார்ச்சிலும் தெரிந்த விஷயம்தான்.

பிறகு

வெளியேற்றம் ஹங்கேரியில் அவரை உடனே பலவீனப்படுத்தவில்லை. 2022 ஏப்ரலில் ஃபிடெஸ் கூட்டணி 199 இடங்களில் 135-ஐ வென்றது, நான்காவது முறையாக மூன்றில் இரண்டு பங்கு. ஐரோப்பாவில் மட்டும் மூன்று ஆண்டுகள் குழு இல்லாமல் நின்றது. பேச்சு நேரம் குறைவு, அறிக்கைகள் கையில் இல்லை. மறுபக்கம், அவர்கள் தடுக்க முயன்ற நிதி விதி, 2022 டிசம்பரில் அவர்களையே தொட்டது: ஹங்கேரிக்கான 630 கோடி யூரோ நிறுத்திவைக்கப்பட்டது. மக்கள் கட்சிக்குள் இருந்து அதை வலுவிழக்கச் செய்யும் வாய்ப்பை அவர்கள் அதற்குள் இழந்திருந்தார்கள்.

மக்கள் கட்சி அஞ்சிய எதிர்க் குழுவும் வந்தது, ஆனால் தாமதமாக. 2024 ஜூன் 30 அன்று வியன்னாவில் ஓர்பானும், செக் நாட்டின் ஆந்திரே பாபிஷும், ஆஸ்திரியாவின் ஹெர்பெர்ட் கிக்லும் சேர்ந்து அறிவித்த கூட்டு, சில நாட்களில் 'ஐரோப்பாவின் தேசபக்தர்கள்' என்ற பெயரில் 84 உறுப்பினர்களோடு நாடாளுமன்றத்தின் மூன்றாவது பெரிய குழுவானது. 2015-இலேயே ஃபிடெஸை வெளியேற்றியிருந்தால் அது முன்பே வந்திருக்கும் என்று சிலர் வாதிடுவார்கள். 2015-இல் ஓர்பானோடு சேரத் தயாராக இருந்தவர்களின் எண்ணிக்கை மிகச் சிறியது என்பதை நினைத்தால், அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளே வைத்திருந்த ஒவ்வோர் ஆண்டும் அவருக்கு மரியாதையைச் சேர்த்தது, அதை வைத்துத்தான் அவர் பின்னர் கூட்டுச் சேர்த்தார்.

ஒரு நூல் மட்டும் அறுபடாமல் இருந்தது. ஃபிடெஸின் கூட்டணிக் கட்சியான கிறித்தவ ஜனநாயக மக்கள் கட்சி 2021-இல் வெளியேறவில்லை. அதன் ஒரே உறுப்பினர் கியோர்கி ஹொல்வேனி மக்கள் கட்சிக் குழுவிலேயே தங்கிவிட்டார். 2024 ஜூனில் பீட்டர் மாக்யாரின் திசா கட்சி, ஓர்பானுக்கு எதிராக நின்று ஏறத்தாழ 30 சதவீத வாக்கும் 7 இடங்களும் பெற்று, மக்கள் கட்சிக் குழுவில் சேர்க்கப்பட்டது. அன்றே கிறித்தவ ஜனநாயகர்கள் எதிர்ப்புத் தெரிவித்து விலகினார்கள்.